பெயர் சொல்லாத வம்சம்: கல்முனைக் கரையோர முஸ்லிம்களின் தாய்வழித் தடம்

கிழக்கிலங்கையின் கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ ஒருவரின் பெயருக்கு முன்னால் 'ஏ.எல்.' என்றிருந்தால், பெரும்பாலும் அது ஆதம்லெவ்வை போன்ற தகப்பன் பெயர் ஒன்று இரண்டாகப் பிரிந்து நிற்பதுதான். 'யூ.எல்.' உதுமாலெவ்வை, 'ஐ.எல்.' இஸ்மாலெவ்வை. ஆதம்லெவ்வையின் மகன் ஏ.எல். இஸ்மாலெவ்வை என்றால், அவருடைய பிள்ளைகள் ஐ.எல். ஆகிவிடுவார்கள். பேரப்பிள்ளையின் பெயரில் ஆதம்லெவ்வையின் எழுத்துகூட மிஞ்சாது. பெயரின் பொருளும் கைகொடுக்காது. மீராலெவ்வை, மீராசாகிபு போன்றவை நாகூர் சாகுல் ஹமீது நாயகத்தின் மீதுள்ள பற்றில் வைத்தவை. உறவில்லாத பல வீடுகளில் அவை வழங்குகின்றன. ஆகவே இக்கரையில் முன்னோரைத் தேடுகிறவர் பெயரைவிட வளவையே, அதாவது வீடு நிற்கும் காணியையே, பின்தொடர வேண்டும் என்பது என் வாதம்.

இங்கே வம்சம் குடியில் இருக்கிறது. குடி தாயிடமிருந்து வருகிறது. ஒரே குடிக்குள் கலியாணம் கூடாது. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்கார் இருந்ததும் இந்த அமைப்பால்தான். ஒரு தாயின் வழியில் வந்தவர்களை 'வயிற்றுவார்' என்பார்கள். வம்சத்துக்கு இவ்வளவு நேரடியான சொல் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. அயலிலுள்ள முக்குவரிடமும் வேளாளரிடமும் தாய்வழிக் குடிமுறை உண்டு. திமிலரோடு நடந்த போரில் முக்குவருக்குத் துணைநின்ற பட்டாணியர் என்ற முஸ்லிம்கள் இங்கேயே பெண்கொண்டு தங்கினர் என்பது வாய்மொழி மரபு. அதை அப்படியே வரலாறாகக் கொள்ள நான் தயாரில்லை. ஆனால் தங்கள் குடிமுறை பெண்வழியே வந்தது என்று சமூகமே நினைவில் வைத்திருப்பது பெரிய சான்று. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் களப்பணி செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரேயின் 2008ஆம் ஆண்டு நூல், தமிழர், முஸ்லிம்கள் என்ற இரு சமூகத்தாரின் குடிமுறையையும் அருகருகே வைத்துக் காட்டுகிறது.

பிரெஞ்சுக் கனடாவில் முன்னோரைத் தேடுவோருக்கும் பெயர்தான் சிக்கல். அங்கே குடியேறிய சிப்பாய்களுக்கு லாஃப்ளர், சான்சூசி என்று பட்டப்பெயர்கள் இருந்தன. 'டீ', அதாவது 'எனப்படும்', என்ற சொல்லோடு அவை குடும்பப் பெயரில் ஒட்டிக்கொண்டன. பிள்ளைகளில் ஒருவர் பழைய பெயரையும் மற்றவர் பட்டப்பெயரையும் வைத்துக்கொண்டார்கள். இருந்தும் நூல் அறவில்லை. கோவில் பதிவேடுகளில் பெண் கலியாணத்துக்குப் பிறகும் பிறந்தவீட்டுப் பெயராலேயே எழுதப்பட்டாள். பாதிரியார் சிப்ரியன் தங்கே 1871க்கும் 1890க்கும் இடையில் வெளியிட்ட ஏழு தொகுதி வம்ச அகராதி அப்பதிவேடுகளின் மேல் எழுந்ததுதான்.

நம் கடுத்தத்தில், அதாவது கலியாணப் பதிவில், அந்த வசதி இல்லை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி மணமகன், வலி (மணமகளின் பொறுப்பாளர்), நிகாஹ் நடத்தியவர் ஆகியோரே கையொப்பமிடுகிறார்கள். மணமகளின் கையொப்பத்துக்குக்கூட நீண்டகாலம் இடமிருக்கவில்லை. அவளுடைய தாய்வழியை அங்கே எப்படித் தேடுவது?

ஆனால் சீதன உறுதியில் பெண் இருக்கிறாள். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழும் ஊர் இது. மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அதே வளவில் அடுத்த மகளுக்கு வீடு கட்டுவார்கள். கடலோர வளவொன்றின் உறுதியை விரித்தால் எல்லைகள் பேசும்: கிழக்கே கடற்கரை, வடக்கே இன்ன உம்மாவின் வளவு, தெற்கே இன்ன பீவியின் வளவு. அந்த இருவரும் அநேகமாகச் சகோதரிகள். அல்லது சகோதரிகளின் மக்கள். எல்லை சொல்வதற்காக எழுதிய வரி ஒரு வயிற்றுவாரின் வரைபடமாகிவிடுகிறது.

நஸப் (வம்சாவளி) தந்தைவழிதானே, குர்ஆன் பிள்ளைகளைத் தந்தையர் பெயரால் அழைக்கச் சொல்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. குடி நஸபுக்குப் போட்டி அல்ல. தந்தை யார் என்பதைப் பெயர் சொல்கிறது. யாரை மணக்கலாம், யார் வீட்டில் வாழ்வது என்பதைக் குடி சொல்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம் முரணின்றி இருந்து வந்திருக்கின்றன.

அம்பாறை 1961இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்திய பதிவுகளை மட்டக்களப்பு என்ற பெயரிலேயே தேட வேண்டும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது, உறுதிகள் இருந்த அலுமாரிகளும் வீடுகளோடு போயின. எல்லைக்கல்லும் போன வளவுகளுக்கு இன்று மிஞ்சியிருப்பது மூத்த பெண்களின் நினைவு. அவர்களிடம் "உங்கட வாப்பா யார்?" என்று தொடங்கினால் ஒரு பெயரோடு பேச்சு நின்றுவிடும். "உம்மாட உம்மா எந்த வளவுல இருந்தவங்க?" என்று தொடங்க வேண்டும்.