துண்டிக்கப்பட்ட சிரிப்பு

சிரிப்பு என்றாலே அது அதிகாரத்துக்கு எதிரானது என்றொரு நம்பிக்கை நம்மிடையே உண்டு. பக்தினைப் படித்த பிறகு இது இன்னும் கெட்டிப்பட்டுவிட்டது. ஆனால் அந்தச் சிரிப்பு யார் காசில் நம் காதுக்கு வந்து சேருகிறது? அமெரிக்க வானொலியின் பகடிக்காரர் ஃப்ரெட் ஆலனின் (1894–1956) கதை இந்தக் கேள்வியிலிருந்து நம்மைத் தப்பவிடாது.

மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். இயற்பெயர் ஜான் ஃப்ளாரன்ஸ் சல்லிவன். பந்துகளை வீசிப் பிடிக்கும் வித்தைக்காரராக மேடைகளில் சுற்றியவர். உலகின் மோசமான வித்தைக்காரன் என்று தன்னைத்தானே அறிவித்துக்கொண்டு சனங்களைச் சிரிக்க வைத்தார். 1932இல் வானொலிக்கு வந்தார். அன்றைய வானொலியில் நேரத்தைக் கம்பெனி விலைக்கு வாங்கும். நிகழ்ச்சியை அதன் விளம்பர ஏஜென்சி தயாரிக்கும். 1934இல் தொடங்கிய 'டவுன் ஹால் டுநைட்' நிகழ்ச்சியில் நாட்டு நடப்பைச் செய்திப்படப் பாணியில் கிண்டலடித்தார் ஆலன். காசு போட்டது பற்பசையும் பேதி மருந்தும் விற்ற கம்பெனி. எழுத்தில் பெரும்பகுதி அவருடையதே. பின்னாளில் நாவலாசிரியரான ஹெர்மன் வோக் சிலகாலம் உதவியாளராக இருந்தார்.

1942 டிசம்பரில் 'ஆலன்ஸ் ஆலி' பிறந்தது. கற்பனைத் தெரு ஒன்றில் நடந்து, வீடு வீடாகக் கதவைத் தட்டி, அந்த வாரப் பிரச்சினையைப் பற்றிக் கருத்துக் கேட்பார். ஒரு வீட்டில் செனட்டர் கிளாக்ஹார்ன்: தெற்கைத் தவிர வேறு திசையே அறியாத வாய்ச்சவடால் பேர்வழி. கறுப்பர்களை அடித்துக் கொல்வதைத் தடுக்கும் சட்டத்தைத் தென்மாநில செனட்டர்கள் பேசிப் பேசியே முடக்கிவந்த காலம் அது. அப்படியானால் பகடி தைத்திருக்க வேண்டுமே? என்ன நடந்தது என்றால், நாடே கிளாக்ஹார்ன் மாதிரிப் பேசித் திரிந்தது. தெற்கை மட்டும் காட்டும் திசைகாட்டி விற்பனைக்கு வந்தது. 1947இல் சினிமா வந்தது. கார்ட்டூன் சேவல் ஃபாக்ஹார்ன் லெக்ஹார்னும் அவர் சாயல்தான். பகடிக்கு ஆளானவன் ஊரின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டான்.

நிலையத்தைத் தொட்டபோது மட்டும் கதை வேறு. எழுத்துப் பிரதியை முன்கூட்டியே தணிக்கைக்குக் கொடுத்தாக வேண்டும். 1947 ஏப்ரல் 20 அன்று, என்.பி.சி.யின் கற்பனையான துணைத் தலைவர் ஒருவரைப் பற்றிய ஜோக்கை எடுக்கச் சொன்னார்கள். ஆலன் மறுத்தார். ஜோக் வந்த இடத்தில் ஒலிபரப்பை அறுத்தார்கள். இரண்டு நாள் கழித்து அதைக் குறிப்பிட்ட பாப் ஹோப், ரெட் ஸ்கெல்டன் இருவருக்கும் அதே கதி. செனட்டரைக் கேலி செய்யலாம், முதலாளியைக் கூடாது என்பது அம்பலமாயிற்று. அந்த மௌனமே நாடெங்கும் பெரிய ஜோக்காகி, நிலையம் அசடு வழிந்தது.

ஆக, தணிக்கையால் அவரை ஒண்ணும் செய்ய முடியவில்லை. 1948இல் ஏ.பி.சி. நிலையம் அதே ஞாயிறு இரவில் 'ஸ்டாப் த மியூசிக்' என்ற போட்டியைத் தொடங்கியது. வீட்டுக்குத் தொலைபேசி வரும். பாட்டின் பெயரைச் சரியாகச் சொன்னால் பரிசு. தன் நிகழ்ச்சியைக் கேட்டதால் பரிசை இழந்தவருக்கு 5,000 டாலர் வரை ஈடு தருவதாக ஆலன் காப்பீடு எடுத்துப் பார்த்தார். பலிக்கவில்லை. கேட்பவர்கள் நகர்ந்துவிட்டார்கள். 1949 ஜூன் 26 கடைசி ஒலிபரப்பு.

வாயை அடைக்கும் அதிகாரத்தை நமக்கு அடையாளம் தெரியும். எதிர்த்து எழுதவும் தெரியும். யாருடைய வாயையும் அடைக்காமல், கேட்கிற காதுகளை மட்டும் பரிசு காட்டி அழைத்துக்கொண்டு போகும் அதிகாரத்தை என்ன சொல்லி எதிர்ப்பது? ஆலனிடம் அதற்கு ஜோக் இருக்கவில்லை.