ஒரு கோழி சொன்ன புற்றுநோய்க் கதை

நண்பர்களே, மலரில் பழைய வகுப்பறைக் கதைகளுக்கு நடுவே ஒரு கோழிக் கதை. கோழிதானே என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். புற்றுநோய் ஆராய்ச்சியின் போக்கையே மாற்றிய கோழி அது.

1909-ம் ஆண்டு. நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்துக்கு, மார்பில் கட்டியோடு ஒரு கோழி வந்து சேர்ந்தது. பேட்டன் ரவுஸ் என்ற இளம் டாக்டர் சோதித்துப் பார்த்தார். சார்கோமா! தசை, கொழுப்பு, நார்த்திசு போன்றவற்றில் வரும் புற்றுநோய். கட்டியை அரைத்து, செல்கள் புகமுடியாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றை வேறு கோழிகளுக்கு ஊசி போட்டார். அவற்றுக்கும் கட்டி வந்தது. 1911-ல் இதை வெளியிட்டார். கோழிக்கு வந்தால் மனுஷனுக்கு என்ன என்று பலர் கண்டுகொள்ளவில்லை. சில வருஷத்தில் அவரே வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். நோபல் பரிசு வந்தது 1966-ல், 87 வயதில். அவர் மருமகன் ஆலன் ஹாட்ஜ்கின் 1963-லேயே வாங்கிவிட்டார்!

கட்டியை உண்டாக்கியது ஒரு வைரஸ். அதிலும் 'சார்க்' என்ற ஒரே ஒரு ஜீன். அது எங்கிருந்து வந்தது? 1976-ல் கலிபோர்னியாவில் பிஷப், வார்மஸ் குழுவினர் விடை சொன்னார்கள்: அது வைரஸின் சொத்தே அல்ல, கோழியின் செல்லிலிருந்து திருடியது. நோயில்லாத கோழியிலும் அந்த ஜீன் இருந்தது. இதற்கு 1989-ல் நோபல்.

சார்க் என்ன செய்கிறது? 'வளரு, பெருகு' என்ற செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் புரதங்களில் அதுவும் ஒன்று. மற்றப் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டி அவற்றை முடுக்கிவிடும் என்று 1978-ல் எரிக்சன் குழு கண்டது. எந்த அமினோ அமிலத்தில் ஒட்டுகிறது? அதைக் காட்டிக்கொடுத்தது டோனி ஹன்டரின் பழைய பஃபர் கரைசல். வைத்து வைத்து அதன் பி.எச். கொஞ்சம் மாறிப்போக, 1979-ல் டைரோசின் தனிப் புள்ளியாகப் பிரிந்து தெரிந்தது. 'பழைய பஃபரைக் கொட்டுடா' என்று நம்மைத் திட்டிய லேப் வாத்தியார்கள் மன்னிக்க!

சாதாரண சார்க் காலிங் பெல் மாதிரி; விரலை எடுத்தால் நின்றுவிடும். வைரஸ் கொண்டுபோன சார்க்கில், அதை அணைத்து வைக்கும் வால்பகுதி இல்லை. பெல் ஓயாமல் அடிக்கிறது. செல்லும் ஓயாமல் பெருகுகிறது.

மனிதனுக்கு இதனால் என்ன லாபம்? வயிறு, குடல் சுவரில் வரும் 'ஜிஸ்ட்' என்ற சார்கோமா பலவற்றில், சார்க் போலவே டைரோசினில் பாஸ்பேட் ஒட்டும் 'கிட்' புரதம் பழுதாகி ஓயாமல் இயங்குவதை 1998-ல் ஜப்பானியர்கள் கண்டார்கள். கீமோதெரபிக்கு அசையாத நோய் அது. ரத்தப் புற்றுநோய்க்கென உருவான இமாட்டினிப் மாத்திரை கிட்டையும் அடக்கும் என்று தெரிந்து, 2000-ல் பின்லாந்தில் ஒரு பெண்மணிக்குக் கொடுத்தார்கள், கட்டிகள் சுருங்கின. 2002-ல் அமெரிக்கா இந்நோய்க்கு அதை அனுமதித்தது. எல்லா சார்கோமாவுக்கும் அது கேட்காது. கேட்டவர்களிலும் பலருக்கு நாளடைவில் மாத்திரைக்குப் பிடிகொடுக்காமல் கட்டி திரும்பும். ஆனாலும் பல ஆயிரம் பேருக்கு அது தந்தது வருஷக்கணக்கான வாழ்வு.

ஒரு வேடிக்கை. செல்லின் சொந்த ஜீன் கெட்டுப்போய்ப் புற்றுநோய் வருகிறது என்பதை ரவுஸ் கடைசிவரை ஏற்கவில்லை. அவர் கண்டெடுத்த வைரஸே பிறகு அதற்கு வழிகாட்டியது. ஆசிரியர் மறுத்தாலும் சோதனை பேசும். நாம் ஆய்வுக்கூடத்தில் கற்ற பாடமும் அதுதானே!