அப்பா விட்டுட்டுப் போன புல்லட்

இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஒரு ஊர். தையல் ஊசிக்குப் பேர் போன ஊர். ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை அங்கேதான் இருந்தது, 1967ல் மூடிட்டாங்க. ஆனால் அங்கே வரைந்த புல்லட்டை 2000ஆம் வருஷம் தாண்டியும் சென்னை திருவொற்றியூரில் செய்துகொண்டே இருந்தார்கள். அதனாலதான் எங்க அப்பாவோட 1978 மாடல் 350 புல்லட் பழைய இரும்புக்குப் போகாமல் தப்பிச்சுது.

சுதந்திரத்துக்குப் பிறகு மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள்களை இறக்குமதி செய்து விற்றது. 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்கு ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தெம்பில் 1955ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. முதலில் பாகங்கள் கப்பலில் வரும், இங்கே பூட்டுவாங்க. 1956 முடியும்வரை பூட்டிய வண்டி மொத்தமே 163. 1957ல் அச்சு, கருவிகளெல்லாம் இங்கேயே வந்து, சில வருஷத்தில் முழு வண்டியும் நம்ம ஊர் இரும்பில் தயாரானது.

அங்கே ஜப்பான் வண்டிகள் வந்து பழைய கம்பெனிகளைச் சாய்த்தன. இங்கே லைசென்ஸ் ராஜ்யம், வெளிநாட்டு வண்டி உள்ளே வர வழியில்லை. போட்டி இல்லாததால் எதையும் மாத்துற அவசியமும் வரலை. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், வார்ப்பிரும்பு சிலிண்டர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று தாத்தா காலத்து அமைப்பே பேரன் காலம்வரை நின்றது. 1977ல் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியானது வேடிக்கை. பொருளாதாரம் படிச்சவங்க இதைத் தேக்கம் என்பாங்க. இருக்கட்டும். அந்தத் தேக்கத்தால்தான் 1978 வண்டிக்கு 1995ல செஞ்ச பாகம் பொருந்துது. மைசூரில் செய்த ஜாவாவும் எஸ்டியும் 1996ல் ஆலை மூடினதோட நின்னு போச்சு. அந்த வண்டிக்காரங்க ஒரு பாகத்துக்கு அலையுற அலைச்சலைப் பார்த்திருக்கேன்.

1993ல் டீசல் புல்லட்டும் வந்தது. தண்ணி இறைக்கிற என்ஜின் மாதிரி 'டக டக'ன்னு போகும். 325 சிசி, 6.5 குதிரைத்திறன். வேகம் வராது, மைலேஜ் மட்டும் அள்ளிக் கொடுக்கும். விவசாயிக்குன்னே செஞ்ச மாதிரி இருந்த வண்டி, புகைக் கட்டுப்பாடு வந்ததும் நின்றது.

அப்பா எங்க பெட்ரோல் புல்லட்டை 1984ல நெய்வேலியில வேலை பார்த்த ஒருத்தர்கிட்ட இரண்டாம் கையா வாங்கினார். சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுக்கும் கொல்லைக்கும் அதில்தான் போவார். நாற்றுக்கட்டு, யூரியா மூட்டை, கரும்பு வெட்டு உத்தரவுக்காகச் சர்க்கரை ஆலைக்கு நடை, எல்லாத்துக்கும் அதுதான். அவர் போனபிறகு 11 வருஷம் மோட்டார் கொட்டகையில் கிடந்தது. கோழி முட்டையிட்டதும் அதன் சீட்டுக்கு அடியிலதான்.

சென்னையில இருந்து ஒருத்தர் வந்து பார்த்துட்டு 1 லட்சம் தர்றேன்னார். அந்த வாரம்தான் போர் மோட்டார் காயில் எரிஞ்சு, கரும்பு வாடிக்கிட்டு இருந்தது. அண்ணன், "வித்துடு தம்பி, இரும்புதானே" என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. அம்மாதான், "வித்து மோட்டார் போடு. அந்த மோட்டாரும் அஞ்சு வருஷத்துல எரியும்" என்று சொல்லிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாங்க. மோட்டாருக்குக் கூட்டுறவு சங்கத்துல நகைக்கடன் வாங்கினோம். வண்டிக்கு உளுந்து வித்த பணத்துல 25,000, அதுக்குமேல ஒரு பைசா கிடையாதுன்னு பேசி முடிச்சோம்.

25,000ல எல்லாம் செய்ய முடியாது. ஓடுறதுக்கு வேண்டியது, நிக்கிறதுக்கு வேண்டியது, பிறகுதான் பார்வைக்கு வேண்டியது. பிஸ்டன் சிலிண்டரோட இறுகிக் கிடந்தது. டீசல் ஊத்தி நாலு நாள் ஊறவெச்சு, மரக்கட்டையால தட்டி எடுத்தோம். விருத்தாசலத்துல லேத் பட்டறையில போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாச்சு. பாயிண்ட், கண்டன்சர், கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, டயர் ரெண்டும் புதுசு. கார்புரேட்டர் புதுப்பேட்டையில கிடைச்ச பழசு. ஒயரிங் நானே இழுத்தேன், பம்ப்செட் ஸ்டார்ட்டரை விட அது சுலபம். குரோம் பூச விலை கேட்டேன், கேட்டதோட வந்துட்டேன். துரு தேய்ச்ச ரிம்மு அப்படியேதான் இருக்கு.

இரும்பைவிட காகிதம்தான் அதிகம் அலைய வைக்கும். உங்க வீட்டிலும் இப்படி ஒரு வண்டி இருந்தா முதல்ல ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்க. இறந்தவர் பேரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழோட படிவம் 31. மத்த வாரிசுகளோட சம்மதமும் வேணும். அண்ணன் கையெழுத்துப் போட்டான், ஒண்ணும் பேசலை. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல அந்தக் கட்டணம் 300ல இருந்து 1,000 ஆச்சு. 50 வருஷமான வண்டிக்கு 'விண்டேஜ்' பதிவு 2021ல வந்தது. ஆனா அதுல தினசரி ஓட்டக்கூடாது. கொல்லைக்குப் போகாத புல்லட் எனக்கெதுக்கு?

இப்ப ஒரு புதுத் தலைவலி, பெட்ரோல்ல 20 சதம் எத்தனால். பழைய ரப்பர் டியூப் அதுக்குத் தாங்காது, ஊறிப்போய் வெடிக்கும். எத்தனால் கரும்புல இருந்தும் வருது, நானோ கரும்பு போடுறவன். யாரைத் திட்டுறது? டியூப் மட்டும் எத்தனால் தாங்குறதா மாத்திட்டேன்.

ஸ்டார்ட் பண்ண ஒரு முறை இருக்கு. சாவியைப் போட்டு கிக்கரை மெதுவா அழுத்தினா ஆம்பியர் மீட்டர் முள் ஒரு பக்கம் சாய்ஞ்சு, பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். அப்ப டீகம்ப்ரஷரைப் பிடிச்சு இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்டுட்டு, கிக்கரை மேல வரவிட்டு, ஒரே உதை. கத்துக்காமல் உதைச்சா திருப்பி உதைக்கும், கணுக்கால் போயிடும். என் பொண்ணு இப்பத்தான் பழகுறா. முள் நடுவுக்கு வர்றதுக்குள்ளயே அவளுக்கு அவசரம்.