ஆழ் மின்னிறக்கமும் மூவகை மின்கலங்களும்: திருப்பதி–சித்தூர் வட்டாரத்தின் வழியே ஒரு வரலாற்றுக் குறிப்பு

1859இல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய ஈய-அமில மின்கலம் தொடக்கம் முதலே ஒரு குறையைச் சுமந்து வந்தது. மின்னிறக்கத்தின்போது இரு தகடுகளிலும் ஈயச் சல்பேட்டு படிகிறது; அமிலம் நீர்த்துப்போகிறது. உடனே மின்னேற்றினால் படிவு மீண்டும் கரையும். முற்றிலும் வற்றிய நிலையில் நாள்கணக்கில் கிடந்தால், நுண்படிகங்கள் பெரும்படிகங்களாக இறுகி, மின்னேற்றத்துக்கு இணங்க மறுக்கின்றன. பின்வந்த மின்கல வகைகளின் வரலாறு பெரிதும் இக்குறையோடு செய்துகொண்ட சமரசங்களின் வரலாறே.

அச்சமரசங்களைத் திருப்பதியை அடுத்த கரக்கம்பாடியில் 1985இல் கல்லா ராமச்சந்திர நாயுடு தொடங்கிய அமர ராஜா நிறுவனத்தின் வளர்ச்சியில் காணலாம். தொலைபேசி நிலையங்களுக்கும் இரயில்வேக்கும் அது வழங்கியவை மூடிய வகை மின்கலங்கள். இவற்றில் அமிலம் கண்ணாடியிழை விரிப்பில் அளவாகவே உறிஞ்சப்பட்டுள்ளது. ஆழ்ந்து வற்றும்போது அது ஏறத்தாழ வெறும் நீராகிவிட, ஈயச் சல்பேட்டு சற்றுக் கூடுதலாகக் கரைகிறது. அடுத்த மின்னேற்றத்தில் அந்த ஈயம் விரிப்பின் துளைகளில் இழைகளாக வளர்ந்து உட்குறுக்குச் சுற்றை உண்டாக்கக்கூடும். இதைத் தணிக்கவே மின்பகுளியில் சோடியம் சல்பேட்டு சேர்க்கப்படுகிறது.

2000இல் வந்த அமரான் வாகன மின்கலங்களின் இயல்பு வேறு. இயந்திரத்தை முடுக்கச் சில நொடிகள் பெருமின்னோட்டம் தருவதற்காக மெல்லிய தகடுகள் பல அடுக்கப்படுகின்றன. அடிக்கடி ஆழ்ந்து வற்றினால், சல்பேட்டு மிகுந்த இடம் கொள்வதால் நேர்த்தகட்டுப் பொருள் விரிந்து சுருங்கி உதிர்கிறது.

மின்வெட்டுக் காலத்து வீடுகளுக்கு ஏற்றது மூன்றாம் வகையான குழல்தகட்டு மின்கலம். நேர்முனைப் பொருளைத் துணிக்குழல்கள் இறுகப் பற்றியிருப்பதால் உதிர்வு குறைகிறது. ஆழ் மின்னிறக்கச் சுழற்சிகளை அது மிகுதியாகத் தாங்குகிறது. எனினும் வற்றியபடியே விட்டுவைத்தால் சல்பேட்டு இறுகுவதிலிருந்து அதுவும் தப்புவதில்லை. சித்தூர் வட்டாரத்தின் நூனேகுண்டலப்பள்ளியில் இவ்வகைக்கெனத் தனி ஆலை எழுந்தது.

ஆகவே, வாகன மின்கலத்தை இன்வெர்ட்டருக்குப் பூட்டுவது சிக்கனமாகத் தோன்றினும் அதன் ஆயுளைக் குறைக்கும் செயலே. காலத்துக்கு முன் இறந்த ஒவ்வொரு மின்கலத்தின் ஈயமும் உலைக்குத் திரும்புகிறது. ஒழுங்கற்ற உருக்குமிடங்களில் அது மண்ணிலும் குழந்தைகளின் குருதியிலும் சேர்கிறது. ஆலைகளும் இக்கேள்விக்கு அப்பாற்பட்டவை அல்ல. 2021 ஏப்ரலில் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஈய மாசைக் காரணம் காட்டிக் கரக்கம்பாடி, நூனேகுண்டலப்பள்ளி ஆலைகளை மூட ஆணையிட்டது. அடுத்த மாதம் உயர் நீதிமன்றம் அவ்வாணையை இடைக்காலமாக நிறுத்திவைத்தது. 2022இன் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. ஆனால் அந்த ஈயம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை உலைக்குச் செல்கிறது என்பது, மின்கலம் எவ்வளவு ஆழம் வற்றவிடப்படுகிறது என்பதையும் பொறுத்தது. மின்கலத் தொழிலின் வரலாற்றை எழுதுவோர் ஆலையின் கணக்கேட்டோடு பயனரின் பழக்கத்தையும் சான்றாகக் கொள்ள வேண்டியது இதனாலேயே.