காரணம் மறந்த பெயர்கள்
போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்களும் பட்டப்பெயர்களும்

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்து ஆராய்வது நம் இலக்கண மரபு. காரணம் கருதாது வழங்கி வருவது இடுகுறிப்பெயர்; ஒரு காரணம் பற்றி அமைவது காரணப்பெயர். நன்னூல் பயின்ற எவரும் இதனை அறிவர். ஆயின், காரணத்தோடு பிறந்து, காலப்போக்கில் அக்காரணத்தை இழந்து, வெறும் அடையாளமாக எஞ்சி நிற்கும் பெயர்களும் உலகில் உண்டு. குடும்பப் பெயர்களுள் பெரும்பாலன இத்தகையவை. இதனைத் தெளிவாகக் காண்பதற்குப் போர்த்துக்கல் நாட்டின் பெயர் வழக்கு ஏற்றதொரு களம். தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் முதல் நூலை ஆக்கியவர் அந்நாட்டில் பிறந்தவர். நம் கடற்கரை ஊர்களில் இன்றும் வழங்கும் குடும்பப் பெயர்கள் பல அந்நாட்டிலிருந்து வந்தவை. ஆதலின் இது நமக்கு முற்றிலும் அயலான செய்தியன்று.

ஒரு கீரையின் பெயர்

நாவலாசிரியர் ஜோஸே சரமாகோ 1998இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர். 1922ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், அசின்யாகா என்னும் சிற்றூரில், நிலமற்ற உழவர் குடும்பத்தில் பிறந்தார். தந்தையின் பெயர் ஜோஸே டி சோசா. முறைப்படி மகனும் அப்பெயரையே பெற்றிருக்க வேண்டும். ஆனால் ஊரார் அக்குடும்பத்தைச் 'சரமாகோ' என்னும் பட்டப்பெயரால் அழைத்து வந்தனர். சரமாகோ என்பது தானே முளைக்கும் ஒரு காட்டு முள்ளங்கிச் செடி. பஞ்ச காலத்தில் ஏழைகள் அதன் இலையைக் கீரையாக உண்டனர். குழந்தையின் பிறப்பைப் பதிந்த எழுத்தர், ஊர் வழங்கிய அப்பட்டப்பெயரையும் சோசாவின் பின்னே சேர்த்து எழுதிவிட்டார். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கச் சான்று தேவைப்பட்ட ஏழாம் வயதில்தான் செய்தி வெளிப்பட்டது. தந்தைக்கு அப்பெயரில் விருப்பமில்லை. எனினும் இருவர் பெயரும் ஒத்திருக்க வேண்டி, அவரும் அதைத் தம் பெயரோடு சேர்த்துப் பதிந்துகொள்ள நேர்ந்தது. மகனிடமிருந்து தந்தை குடும்பப் பெயர் பெற்ற விந்தை அது.

பட்டப்பெயரைப் போர்த்துக்கீசியர் 'அல்குஞா' என்பர். 'அல்குன்யா' என்னும் அரபிச் சொல்லின் வழி வந்தது அது. அரபு வழக்கில் குன்யா என்பது, 'இன்னாரின் தந்தை' எனப் பிள்ளையைக் கொண்டு பெற்றோரை அழைக்கும் பெயர். சொல் மறந்துவிட்ட அப்பழம் பொருள், பல நூற்றாண்டுகள் கழித்து ஓர் உழவர் வீட்டில் தற்செயலாக நிறைவேறியது எனலாம்.

பெயர்களின் ஊற்றுகள்

போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் நான்கு ஊற்றுகளிலிருந்து பிறந்தவை.

முதலாவது, தந்தை பெயர். 12ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கல்லின் முதல் அரசரானவர் அபோன்சோ ஹென்ரிக்ஸ். ஹென்ரிக் என்னும் கோமகனின் மகனாதலின் ஹென்ரிக்ஸ் ஆனார். அவ்வாறே பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டஸ். ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகஸ். நூனோவின் மகன் நூனெஸ். அந்நாளில் இவை உயிருள்ள காரணப்பெயர்கள். நம் தலைப்பெழுத்தைப் போலத் தலைமுறைதோறும் மாறி வந்தவை. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இவ்வழக்கு மெல்ல உறைந்தது. அதன்பின் தந்தை எப்பெயரினராயினும் மகன் பெர்னாண்டஸாகவே நின்றான்.

இரண்டாவது, ஊரும் நிலமும். சில்வா என்பது காடு, ஒலிவெய்ரா ஒலிவ மரம், பெரைரா பேரி மரம், கோஸ்தா நீர்க்கரை. பிராகா, கொயிம்பிரா என்பன ஊர்ப்பெயர்கள். பிராகாவில் வாழ்வோரெல்லாம் பிராகா ஊரினரே. அங்கு அப்பெயர் எவரையும் வேறு பிரித்துக் காட்டாது. ஊரைவிட்டு வேற்றூர் சென்றவனுக்கே அது பயன்படும். எனவே ஊர்ப்பெயர் பலவேளைகளில் ஓர் இடப்பெயர்வின் சுவடு.

மூன்றாவது, பக்தி. 'டி ஜீசஸ்', 'டொஸ் சாண்டோஸ்', 'டா குரூஸ்' என்பன போன்றவை. பெண்கள் இவற்றை மிகுதியாகத் தாங்கினர்.

நான்காவது, பட்டப்பெயர். கொயல்யோ என்றால் முயல், லோபோ ஓநாய், லெய்தாவ் பன்றிக்குட்டி, டெல்காடோ மெலிந்தவன். யாரோ ஒருவனின் ஓட்டத்தையோ உடலையோ கண்டு ஊர் சிரித்த சிரிப்பு, பதிவேட்டில் ஏறி உறைந்து நிற்கிறது. அரசர்களும் இதற்குத் தப்பவில்லை. இரண்டாம் அபோன்சோவை வரலாறு 'தடியர்' என்றும், டினிஷ் மன்னரை 'உழவர்' என்றும் வழங்குகிறது. போர்த்துக்கீசியர் ஆட்சியை எதிர்த்துப் பிரேசிலில் நிகழ்ந்த கூட்டுச்சதியில் பங்குகொண்டு 1792இல் தூக்கிலிடப்பட்டவர் ஜோவாகிம் ஜோஸே ட சில்வா ஷவியர். பல் பிடுங்கும் தொழிலும் செய்தவர் அவர். அவரது நீண்ட பெயரைப் பலர் அறியார்; 'பல் பிடுங்கி' எனப் பொருள்படும் 'திராதென்தெஸ்' என்னும் பட்டப்பெயரைப் பிரேசிலில் அறியாதார் இல்லை.

பதிவேட்டு வழி

இப்பெயர்களைக் கொண்டு முன்னோரைத் தேடப் புகுவோர் முதலில் தடுமாறுவது பெயர் அமையும் முறையில். போர்த்துக்கல்லில் தாய்வழிப் பெயர் முன்னும் தந்தைவழிப் பெயர் பின்னும் வருதல் இன்றைய பொதுவழக்கு. கவிஞர் பெசோவாவின் முழுப்பெயர் பெர்னாண்டோ அந்தோனியோ நொகெய்ரா பெசோவா. நொகெய்ரா தாய் தந்தது; வாதுமை வகை மரமொன்றின் பெயர். பெசோவா தந்தை தந்தது. 'ஆள்' என்பது பொருள். முகமூடியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்த அப்பெயரை உடையவர், பல புனை கவிஞர்களைப் படைத்து அவரவர் பெயரில் கவிதை எழுதியதை நம் கவிஞர்கள் அறிவர்.

பழங்காலத்தில் இந்த ஒழுங்கும் இல்லை. உடன்பிறந்தோருள் ஒருவர் தந்தையின் பெயரையும், மற்றொருவர் தாய்வழிப் பாட்டியின் பெயரையும், ஒரு பெண் 'டி ஜீசஸ்' என்னும் பக்திப் பெயரையும் ஏற்கலாம். மணமான பெண் கணவன் பெயரை ஏற்க வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. 1563இல் நிறைவுற்ற திரெந்து பொதுச்சங்கம் பங்குதோறும் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் வேண்டுமெனப் பணித்தது. அத்திருமுழுக்கு ஏட்டிலும் குழந்தையின் முதற்பெயர் மட்டுமே எழுதப்பட்டது. குடும்பப் பெயர் பின்னர், வளர்ந்த பிறகே ஒட்டியது. ஆதலின் பெயரைப் பின்பற்றிச் செல்வோன் வழி தவறுவான். பங்கைப் பின்பற்றிச் செல்வோன் ஊர் சேர்வான். பேரனில் தொடங்கி, பெற்றோரின் திருமணப் பதிவைக் கண்டு, அதிலுள்ள ஊரைப் பற்றி, மேலும் ஒரு தலைமுறை ஏறுதலே முறை. ஒரே பங்கில் மனுவேல் பெர்னாண்டஸ் மூவர் இருந்தால், பாதிரியார் ஓரிடத்தில் குறித்துவைத்த பட்டப்பெயரே அவர்களைப் பிரித்துக் காட்டும்.

1910இல் குடியரசு மலர்ந்தபின், 1911 முதல் பதிவு அரசின் கடமையாயிற்று. பழைய ஏடுகள் பலவும் மாவட்ட ஆவணக் காப்பகங்களிலும், லிஸ்பனிலுள்ள 'தோரே டோ தொம்போ' என்னும் தேசியக் காப்பகத்திலும் உள்ளன. 1755 நவம்பர் 1ஆம் நாள் நிலநடுக்கத்தில் அக்காப்பகம் இருந்த கோபுரம் வீழ்ந்தது. முதுமையெய்தியிருந்த காப்பாளர் மனுவேல் ட மாயா இடிபாடுகளிலிருந்து ஆவணங்களை மீட்டார். லிஸ்பன் நகரப் பங்குகள் பலவற்றின் ஏடுகளோ அன்றைய தீயில் அழிந்தன. அக்குடும்பங்களின் வழி அந்நாளோடு அறுபட்டு நிற்கிறது.

பெயரின்றி வந்தவர்கள்

வழி அறுபடும் இடம் இன்னொன்றும் உண்டு. வளர்க்க இயலாத குழந்தையை இரவில் வைத்துச் செல்வதற்கெனச் சுவரில் சுழலும் மரப்பெட்டி ஒன்று இருந்தது. வெளியே வைப்பவர் முகத்தை உள்ளே ஏற்பவர் காணார். இதனை 'ரோடா', அதாவது சக்கரம், என்றனர். 1783இல் நகர்தோறும் இதனை அமைக்க ஆணை பிறந்தது. அவ்வாறு வந்த பிள்ளைகள் சிலருக்கு 'எஷ்போஷ்தோ' என்பதே, அதாவது 'வெளியே விடப்பட்டவர்' என்பதே, பெயராயிற்று. தாயர் சிலர் பிள்ளையோடு ஒரு நாடாத்துண்டு, ஒரு கடிதம், பாதியாகக் கிழித்த அட்டை முதலியவற்றை வைத்தனர். மறுபாதியோடு ஒருநாள் மீண்டு வந்து அடையாளம் காட்டலாம் என்னும் நம்பிக்கை அது. 1498இல் நிறுவப்பட்ட லிஸ்பன் மிசெரிகோர்தியா அறநிலையத்தின் காப்பகத்தில் அவை இன்றும் இருக்கின்றன. ஒரு குடும்பத்தின் வரலாறு, சிலபோது பெயராக அன்றி ஒரு நாடாத்துண்டாகவே எஞ்சுகிறது.

பெயரில் குலம் தேடிய பிழை

மரத்தின் பெயரோ விலங்கின் பெயரோ உடையோர் யாவரும் யூத வழியினர் என்றொரு நம்பிக்கை நெடுங்காலமாக உலவுகிறது. அது பிழை. 1496 டிசம்பரில் மன்னர் மனுவேல் யூதர்களை வெளியேறப் பணித்தார்; 1497இல் எஞ்சியோர் வலிந்து திருமுழுக்குப் பெற்றனர். 'புதுக்கிறித்தவர்' எனப்பட்ட அவர்கள், அண்டை அயலார் தாங்கிய பெயர்களையே தாமும் தாங்கினர். மறைந்து வாழ விரும்புவோர் தம்மைக் காட்டிக்கொடுக்கும் பெயரையா தேடுவர்? எனவே பெயரைக் கொண்டு அவர்களைப் பிரித்தறிய இயலாது. யூத வழியினர்க்குக் குடியுரிமை வழங்கும் விதி 2015இல் நடைமுறைக்கு வந்தபோது பலர் குடும்பப் பெயர்ப் பட்டியல்களைத் தேடினர். பெயர் தனியே எதனையும் மெய்ப்பிப்பதில்லை.

பெயரும் குலமும் அந்நாட்டில் வெறும் ஆர்வத்துக்குரியனவாக என்றும் இருந்ததில்லை. 1536இல் அமைந்த சமய விசாரணை மன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் பாட்டன் பாட்டியரைப் பற்றி விரிவாகக் கேட்டு எழுதியது. பதவிக்கும் துறவுக்கும் 'இரத்தத் தூய்மை' கேட்டனர். பழைய கிறித்தவர், புதியவர் என்னும் வேற்றுமையைச் சட்டம் நீக்கியது 1773இல்; மன்றம் ஒழிந்தது 1821இல். இன்று முன்னோரைத் தேடுவோர்க்கு அவ்வழக்கேடுகள் பெருஞ்செல்வம். பட்டப்பெயர்கூட விடாமல் குறித்திருக்கிறார்கள். அச்செல்வம் அச்சத்தால் சேர்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

தமிழ்க் கரையில்

1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலை ஆக்கியவர் அண்டிரிக் அடிகளார். அவர் ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் என்னும் பெயரில் போர்த்துக்கல்லின் விலா விசோசாவில் பிறந்தவர். பெயரைப் பார்த்தால் 'ஹென்ரிக்கின் மகன் ஹென்ரிக்' என்று தோன்றும். ஆயின் அவர் காலத்தில் அது உறைந்துவிட்ட குடும்பப் பெயர். முதல் மன்னர்க்கும் அவர்க்கும் பொதுவான அப்பெயர், அவர் யூத மரபில் வந்தவர் என்பதைச் சிறிதும் காட்டவில்லை. அம்மரபு காரணமாக ஒரு துறவு அவை அவரை ஏற்க மறுத்தது; இயேசு சபை ஏற்றது. குலம் பார்த்துத் தன் நாட்டில் விலக்கப்பட்ட ஒருவரே நம் மொழிக்கு அச்சேறும் பேற்றைத் தந்தார்.

1536, 1537ஆம் ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றபோது போர்த்துக்கீசியப் பெயர்களும் கரையேறின. பெர்னாண்டோ, கோஸ்தா, குரூஸ், மிராந்தா முதலியவை தூத்துக்குடி முதலாய ஊர்களில் இன்றும் குடும்பப் பெயர்கள். இலங்கையில் பெரைரா 'பெரேரா' ஆயிற்று. போர்த்துக்கல்லில் பெர்னாண்டோ என்பது முதற்பெயர். இங்கோ அது குடும்பப் பெயராக மாறிவிட்டது. இப்பெயர் கண்டு லிஸ்பனில் பாட்டனைத் தேடுதல் வீண். இரத்தத்தோடு வாராமல் திருமுழுக்கு நீரோடு வந்த பெயர் இது.

நிறைவாக

சரமாகோவுக்கு பிரான்சிஸ்கோ என்னும் தமையன் இருந்தான். 1924இல், நான்கு வயதில், லிஸ்பனில் இறந்தான். முதுமையில் தம் இளமை நினைவுகளை எழுத எண்ணிய சரமாகோ, தமையனின் பிறப்புச் சான்றைக் கேட்டுப் பெற்றார். அதில் இறப்பைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. ஏட்டின்படி அச்சிறுவன் இன்னும் உயிரோடிருந்தான். அத்தேடலே, பதிவகக் கடைநிலை எழுத்தன் ஒருவன் முன்பின் அறியாத ஒரு பெண்ணைத் தேடிச் செல்லும் 'எல்லாப் பெயர்களும்' என்னும் நாவலுக்கு வித்தாயிற்று. அது 1997இல் வெளிவந்தது.

எழுதப்பட்ட பெயர் பொய்யாகலாம். எழுதாது விட்டதும் பொய்யாகலாம். ஊர் வாயில் வழங்கிய கீரையின் பெயரோ, ஒரு குடும்பம் எதை உண்டு பிழைத்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. குடும்பப் பெயர் குலத்தின் உரிமை. பட்டப்பெயர் ஊராரின் ஆக்கம். இயற்பெயர் மறைந்து, தாம் பாடிய சொற்றொடராலேயே அறியப்படும் செம்புலப்பெயனீராரைப் போற்றும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

வட்டத்து அன்பர்களிடம் வேண்டுகோள் ஒன்று. நம் ஊர்களிலும் பட்டப்பெயரால் மட்டுமே அறியப்படும் வீடுகள் உள்ளன. அப்பெயர்களின் காரணம் அறிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம். இகழ்ச்சியாக வந்தனவாயின் அதனையும் மறைக்காது குறிப்போம். காரணம் மறைந்தபின் எஞ்சுவது இடுகுறி மட்டுமே. அதிலிருந்து ஒரு மனிதரை மீட்டெடுத்தல் எவர்க்கும் அரிது.