மிதிவெடியும் மீள்குடியேற்றமும் (இலங்கை, வட மாகாணம்)

இலங்கை உள்நாட்டுப் போர் 2009 மே மாதம் முடிந்தது. ஆனால் புதைத்த மிதிவெடிகளும் வெடிக்காமல் கிடந்த எறிகணைகளும் வடபகுதி மக்களைப் பல ஆண்டுகள் சொந்தக் காணிக்குத் திரும்பவிடவில்லை. ஆள் மிதித்தால் வெடிப்பதை அங்கே மிதிவெடி என்பார்கள். கண்ணிவெடி என்ற சொல் வாகனத்தைத் தகர்க்கும் பெரிய வெடிக்கும் வழங்கும்.

மக்கள் திரும்ப முடியாமல்போனதற்கு முகமாலை என்ற ஊரைவிடத் தெளிவான சான்று இல்லை. 2000 ஏப்ரலில் ஆனையிறவு இராணுவ முகாமை விடுதலைப் புலிகள் கைப்பற்றிய பின், கிளாலி, முகமாலை, நாகர்கோவில் வழியாக யாழ்ப்பாணக் குடாநாட்டின் கழுத்தை அறுத்தாற்போல் ஒரு போர்முனை அமைந்தது. 2009 ஜனவரி வரை அது பெரிதாக நகரவில்லை. எதிரெதிரே நின்ற இரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் வெடிகளைப் புதைத்தன. இராணுவம் பாகிஸ்தானின் பி4, சீனாவின் டைப் 72 வகைகளை இட்டது. புலிகள் தாமே செய்த ‘ஜொனி’ வெடிகளை இட்டார்கள். பி4 பிளாஸ்டிக் உடல் கொண்டது. உள்ளே உலோகம் மிகக் குறைவு என்பதால் உலோகங்காட்டிக்கு எளிதில் அகப்படாது. அதனால் வெடி அகற்றும் பணியாளர்கள் பல இடங்களில் வாரியால் மண்ணைச் சிறிது சிறிதாகக் கிளறித்தான் தேடுகிறார்கள். ஹலோ ட்ரஸ்ட் போன்ற அமைப்புகளில் இவ்வேலையைச் செய்பவர்களில் பெண்கள் கணிசமானவர்கள். கணவனைப் போரில் இழந்து குடும்பத்தைத் தனியே சுமப்பவர்களும் அவர்களில் உண்டு.

மிதிவெடியின் சேதத்தைக் காலிழந்தவர்களின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது போதாது. ஒரு தென்னங்காணியில் ஒரே ஒரு வெடி இருக்கலாம் என்ற ஐயமே முழுக் காணியையும் முடக்கிவிடும். தேங்காய் விழுந்த இடத்திலேயே கிடக்கும், கிணறு தூர்ந்துபோகும், வயல் பற்றைக்காடாகும். 2009இல் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் இருந்தார்கள். வெடி அகற்றிச் சான்று தந்த பிறகே ஊர்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்டம்பரில்தான். திரும்பியவர்களும் விறகுக்கும் மாட்டுக்கும் பற்றைக்குள் போயாக வேண்டும். கையில் காசில்லாதவர்கள் பழைய இரும்பு பொறுக்கப் போய் எறிகணையைத் தட்டுவதும் நடந்தது. இதை அறியாமை என்பதைவிட வறுமை என்பதே பொருந்தும். குப்பைக்கு வைத்த தீயின் சூட்டில் மண்ணுக்கடியில் கிடந்தது வெடிப்பதும் உண்டு.

யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையம் காலிழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்துகிறது. வளரும் பிள்ளைக்கு ஒரு கால் போதாது. உயரம் கூடக்கூட மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசம்பர் 13இல் இலங்கை சேர்ந்தது. அதன்படி முழுவதையும் அகற்றி முடிக்கக் கெடு 2028 ஜூன் 1. முகமாலை மண்ணிலிருந்து கிளறியெடுத்த பி4ஐயும் டைப் 72ஐயும் தயாரித்த பாகிஸ்தானும் சீனாவும் அந்த உடன்படிக்கையில் சேரவில்லை.