முன்னுரை எழுதிய மருத்துவர்கள்: அமெரிக்கத் திருநர் தன்வரலாற்றின் தொடக்கம்

1918ஆம் ஆண்டைத் தாங்கி நியூயார்க்கில் ஒரு தன்வரலாறு அச்சானது. பெயர் ‘ஆட்டோபயோகிராஃபி ஆஃப் அன் ஆண்ட்ரோஜைன்’. எழுதியவர் ஜென்னி ஜூன், ரால்ஃப் வெர்தர், ஏர்ல் லிண்ட் என்ற புனைபெயர்களுக்குள் ஒளிந்துகொண்டார். ஆயிரம் பிரதிகள்தான். அவையும் மருத்துவர், வழக்கறிஞர் முதலியோருக்கு மட்டுமே விற்கப்பட்டன. ஆபாசமெனக் கருதியவற்றை அஞ்சலில் அனுப்பத் தடை விதித்த 1873ஆம் ஆண்டின் காம்ஸ்டாக் சட்டம் நடப்பில் இருந்தது. வெளியிட்ட ‘மெடிகோ-லீகல் ஜர்னல்’ இதழின் ஆசிரியர் ஆல்ஃபிரட் ஹெர்சாக் எழுதிய முன்னுரை, நூலுக்கு அறிவியல் என்ற காப்பைத் தந்தது.

அமெரிக்கத் திருநர் தன்வரலாறு பொதுவாசகரை நோக்கிப் பிறக்கவில்லை. அதிகாரம் கையில் உள்ளவருக்கு எழுதிய மனுவாகவே பிறந்தது என்பது என் கணிப்பு. ஜூன் தன் பிறவி இயல்பை விளக்குகிறார், 1902இல் தாமே விரும்பி விதையகற்றிக்கொண்டதைச் சொல்கிறார், தம்மைப் போன்றோரைக் குற்றவாளியாக்கும் சட்டங்களைச் சாடுகிறார். 1922இல் வந்த ‘தி ஃபீமேல் இம்பர்சனேட்டர்ஸ்’ நூலில் இவ்வாதம் இன்னும் கூர்மை பெறுகிறது. இத்தகையோர் கொல்லப்பட்ட செய்திகளையே சான்றாக அடுக்குகிறார். 1895இல் ‘சர்க்கிள் ஹெர்மஃப்ரோடிடோஸ்’ என்ற தற்காப்புக் குழு நியூயார்க்கின் பாரிசிஸ் ஹால் மதுக்கூடத்தில் கூடியதாகவும் அதில் எழுதுகிறார். அமெரிக்காவின் முதல் திருநர் அமைப்பு என்று இதைப் பலர் கொண்டாடுகிறார்கள். ஆனால் ஜூனின் எழுத்தைத் தவிர வேறு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே அதை நிறுவப்பட்ட அமைப்பாகக் கொள்வதைக் காட்டிலும் ஜூன் முன்வைத்த அரசியல் கோரிக்கையாகப் படிப்பதே பொருத்தம். ‘தி ரிடில் ஆஃப் தி அண்டர்வேர்ல்ட்’ என்ற மூன்றாம் நூலின் பகுதிகளோ 2010இல்தான் கண்டெடுக்கப்பட்டன. அதுவும் தேசிய மருத்துவ நூலகத்தில்!

1952 டிசம்பர் 1 அன்று அமெரிக்கத் திருநங்கை கிறிஸ்டின் ஜோர்கென்சன் டென்மார்க்கில் பெற்ற பாலின மாற்றுச் சிகிச்சை நியூயார்க் நாளேடு ஒன்றின் முதல் பக்கச் செய்தியானது. வாசகர் கூட்டம் ஒரே நாளில் பெருகிவிட்டது. எனினும் 1967இல் அவர் தன்வரலாறு வெளிவந்தபோது அறிமுகவுரை எழுதியவர் மருத்துவர் ஹாரி பெஞ்சமின்.

முந்தைய ஆண்டில் பெஞ்சமின் எழுதிய ‘தி டிரான்ஸெக்ஷுவல் ஃபினாமினன்’ மருத்துவமனைகளுக்கு அளவுகோலாயிற்று. சிகிச்சை கேட்டு வந்தவர்களும் அதைப் படித்திருந்தார்கள். எந்தக் கதைக்குக் கதவு திறக்கும் என்று தெரிந்தபின் வேறு கதையை யார் சொல்வார்? எல்லார் வாழ்வும் நூலோடு அச்சுப்பிசகாமல் பொருந்துவதன் காரணம் ஆய்வாளர்களுக்கு வெகுகாலம் விளங்கவில்லை. 1991இல் அச்சான தம் கட்டுரையில், தாமும் திருநங்கையான கோட்பாட்டாளர் சாண்டி ஸ்டோன் இந்தச் சுழலை அம்பலப்படுத்தினார்.

திருநம்பிகளின் குரல் தாமதமாகவே அச்சேறியது. மாரியோ மார்ட்டினோவின் ‘எமர்ஜென்ஸ்’ வந்தது 1977இல். லூ சல்லிவனுக்கோ அந்த அளவுகோலே தடையாயிற்று. ஆண்களை நேசிக்கும் திருநம்பி என்று உண்மையைச் சொன்னதால் சிகிச்சைக்கான அவர் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அவர் கதையை மாற்றவில்லை. மருத்துவர்களை மாற்ற முனைந்தார். 1986இல் சான்பிரான்சிஸ்கோவில் திருநம்பிகளுக்கான குழுவைத் தொடங்கினார். எய்ட்ஸ் உடலைத் தின்றுகொண்டிருந்த காலத்தில், 1991இல் இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, உளமருத்துவர் ஐரா பாலியின் ஒளிப்பதிவுக் கருவிக்கு முன் அமர்ந்து, தம்மைப் போன்றவர்களும் இருக்கிறார்கள் என்று மருத்துவ உலகத்துக்குப் பாடம் நடத்தினார்.